டார்வினுக்குப் போகும் முன் உங்கள் குதிகாலைப் பாருங்கள்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 66 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் ஆஸ்திரேலியாவின் வட முனையில் உள்ள டார்வின் நகரில் நர்ஸ். டிசம்பர் கடைசியில் மனைவியோடு அங்கே போய் ஆறு மாதம் தங்கப் போகிறார். பேத்திக்கு அப்போது பள்ளி விடுமுறை. மாப்பிள்ளை காக்கடு தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போய் நான்கு நாள் தங்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.9 சதவீதம். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், இரவில் ஒரு இன்சுலின் ஊசி. இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்த ஒன்று. பாதம் கொஞ்சம் மதமதப்பு, குதிகாலில் பித்தவெடிப்பு. "வழக்கமானதுதான்" என்று இதை ஒரே வரியில் தாண்டிவிட்டார்.

கேள்விகள் நிறைய. மலேரியா மாத்திரை வேண்டுமா? மகளுக்கு அரசு மருத்துவ அட்டை இருப்பதால் இன்சூரன்ஸ் தேவையில்லைதானே? ஆறு மாத மாத்திரையை மொத்தமாக எடுத்துப் போகலாமா? முதலை உப்பு நீரில்தான் இருக்கும் என்பதால் அருவியில் குளிக்கலாம் அல்லவா? மகள் வீட்டுப் பின்புறம் வெறும் இடம் கிடக்கிறதாம். அங்கே தோட்டம் போட நாட்டு விதைகளைத் துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறார். கடைசியாக ஒரு வரி: "மகள் ஏதோ மண் காய்ச்சல் என்று பயமுறுத்துகிறாள். நாற்பது வருடம் வயல் சேற்றில் நின்றவன் நான். சேறு எனக்குப் புதிதா டாக்டர்?"

அன்புள்ள ஐயா,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போகாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அவசியம் போங்கள். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விகளில் மிகச் சின்னதாக எழுதியிருப்பதுதான் மிகப் பெரியது. அதனால் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மகள் சொன்னது சரி. அந்த நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது. வறண்ட காலத்தில் மண்ணுக்கு ஆழத்தில் கிடக்கும். மழை கொட்டும்போது மேலே வரும். காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாக உடம்புக்குள் போகும். புயல் மழையின்போது காற்றில் கலந்த நீர்த்துளிகள் மூச்சு வழியாகவும் போகும். டார்வின் மருத்துவர்கள் 1989 அக்டோபரில் தொடங்கி இந்த நோயாளிகள் ஒவ்வொருவரையும் கணக்கில் எடுத்து வருகிறார்கள். முதல் 30 வருடத்தில் 1,148 பேர்; அவர்களில் 133 பேர் இறந்துபோனார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு மழைக்காலத்தில்தான் வந்திருக்கிறது. நூற்றுக்கு 45 பேர் சர்க்கரை நோயாளிகள்.

இந்தக் கடைசி எண்ணுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். சேறு உங்களுக்குப் புதிதில்லைதான். ஆனால் அந்த நாற்பது வருடத்தில் பெரும்பகுதி உங்களுக்குச் சர்க்கரை கிடையாது. கால் மதமதக்கவில்லை. முள் குத்தினால் உடனே தெரிந்தது. இன்று குதிகால் வெடிப்போடு சேற்றில் இறங்கினால், எது உள்ளே போனது என்று கால் உங்களுக்குச் சொல்லாது. போனதை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களும் 8.9 சர்க்கரையில் மந்தமாகத்தான் வேலை செய்யும்.

இன்னொன்று. இது ஏதோ வெளிநாட்டு நோய் என்று நினைக்காதீர்கள். இதே கிருமி நம் நெல் வயல்களிலும் உண்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் நோயாளிகளைக் கண்டிருக்கிறோம். பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு விவசாயி வந்தார். வாரக்கணக்கில் காய்ச்சல், இருமல், எடை குறைவு. டிபி என்று நினைத்து மருந்தைத் தொடங்கியவன் நான்தான். இரத்தத்தைக் கல்ச்சர் செய்து, அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்த பிறகுதான் இது என்று தெரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறம், சர்க்கரையோடும் நாள்பட்ட காய்ச்சலோடும் யார் வந்தாலும் வயலில் வேலை உண்டா என்று கேட்காமல் நான் விடுவதில்லை. டார்வினில் இந்தச் சந்தேகம் மருத்துவர்களுக்கு முதல் நாளே வந்துவிடுகிறது. அங்கே ஆரம்ப வருடங்களில் நூற்றுக்கு 30 பேருக்கு மேல் இறந்தார்கள். பின்னாளில் அது 6 ஆகக் குறைந்தது. ஆக, சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றிவிடலாம். ஆனால் சிகிச்சை லேசானதல்ல. குறைந்தது இரண்டு வாரம் நரம்பு வழியே மருந்து, அப்புறம் மூன்று மாதம் மாத்திரை. விடுமுறை அதிலேயே போய்விடும்.

மாதத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள்

டிசம்பர் என்றதும் மார்கழிக் குளிர் உங்கள் மனதில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். டார்வின் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 12 டிகிரியில் இருக்கிறது. அங்கே இரண்டே காலம்தான்: மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். ஜனவரியில் மட்டும் சராசரியாக 400 மி.மீ.க்கு மேல் மழை. வெப்பம் 32, 33 டிகிரிதான், தஞ்சாவூர் மே மாதத்தைவிடக் குறைவு. ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. புயல் பருவமும் அதுதான். 1974 கிறிஸ்துமஸ் அன்று விடியுமுன் அடித்த டிரேசி புயலில் நகரமே தரைமட்டமாகி 66 பேர் இறந்தார்கள். இப்போது கட்டடங்கள் உறுதியாகக் கட்டப்படுகின்றன, அதற்காகப் பயப்பட வேண்டாம்.

நீங்கள் பார்க்க ஆசைப்படும் இடங்களில் பாதி அந்த மாதங்களில் மூடியிருக்கும். ஜிம் ஜிம் அருவிக்குப் போகும் மண் பாதை மழைக்காலம் முழுக்க அடைப்பு. பாறை ஓவியங்கள் இருக்கும் உபிர் குன்றுக்குப் போகும் சாலையை வெள்ளம் மறிக்கும். பக்கத்து லிட்ச்ஃபீல்ட் தேசியப் பூங்காவில் உள்ள வாங்கி அருவிக் குட்டையில் மழை வந்தால் குளிக்க விடமாட்டார்கள்.

ஜூன், ஜூலையில் போனால் பகலில் 30 டிகிரி, இரவில் 20, மழையே இருக்காது. "பேத்திக்கு விடுமுறை டிசம்பரில்தானே" என்பீர்கள். டார்வின் இருக்கும் வட மாகாணத்தில் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரையும் விடுமுறை உண்டு, மகளிடம் கேட்டுப் பாருங்கள். இன்னொரு தடை உங்கள் பக்கம்: ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை நடவு. இரண்டு ஏக்கரையும் இப்போது தம்பிதான் பார்க்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு பருவம் அவரை நம்பி விடலாமே.

வறண்ட காலத்தில் கிருமி காணாமல் போய்விடுகிறது என்று சொல்லவில்லை. ஆபத்து வெகுவாகக் குறைகிறது, அவ்வளவுதான். கிடைக்கும் ஆறு மாதத்தில் சர்க்கரையையும் 7.5க்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய லாபம்.

டிசம்பரில்தான் போக வேண்டும் என்றால்

டிக்கெட் எடுத்தாகிவிட்டது, மாற்றினால் நஷ்டம் என்ற நிலை இருக்கலாம். அப்படியானால் சில விஷயங்களில் நான் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது.

தோட்டம் வேண்டாம். மண்வெட்டியைத் தொடவே தொடாதீர்கள். வாசலைக் குழாய் வைத்து வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவதும் வேண்டாம். வீட்டை விட்டு இறங்கினால் மூடிய ஷூவும் சாக்ஸும். ஈர நிலத்தில் ரப்பர் பூட்ஸ். செருப்பு கணக்கில் சேராது. மழை கொட்டும்போது வீட்டுக்குள் இருங்கள், திண்ணையில் உட்கார்ந்து ரசிக்கக்கூட வேண்டாம். கிளம்பும் முன் பித்தவெடிப்பை ஆற்றியாக வேண்டும். யூரியா கலந்த களிம்பை இரவில் தடவி சாக்ஸ் போட்டுத் தூங்கினால் நான்கைந்து வாரத்தில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அங்கே போனதும் தினமும் இரவு உங்கள் மனைவி உங்கள் பாதத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கூச்சப்பட்டால் கண்ணாடியை வைத்து நீங்களே பாருங்கள்.

காக்கடுவுக்கு மழைக்காலத்திலும் போகலாம். எல்லோ வாட்டர் நீர்ப்பரப்பில் படகு ஓடும். சமவெளி முழுக்க ஏரிபோல விரிந்து கிடப்பதைக் குட்டி விமானத்திலிருந்து பார்க்கலாம். நான்கு நாளை இரண்டாகக் குறைத்து, படகும் குளிர்சாதன அறையுமாக முடித்துக்கொள்ளுங்கள்.

அருவிக் குளியலும் முதலையும்

உப்பு நீர் முதலை என்பது பெயர்தான். பெயரை நம்பி இறங்கியவர்கள் இருக்கிறார்கள். கடலிலிருந்து நூறு, இருநூறு கிலோமீட்டர் உள்ளே வரை நல்ல தண்ணீரில் அது சாதாரணமாக வாழ்கிறது. மழையில் ஆறு கரை புரண்டால் அருவிக் குட்டைகளுக்கும் வந்துவிடும். ஆண் முதலை ஐந்து மீட்டருக்கு மேல் வளரும். 1971இல் வேட்டை தடை செய்யப்பட்ட பிறகு பெருகி, இப்போது அந்த மாகாணத்தில் சுமார் ஒரு லட்சம் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். வறண்ட காலத்தில் வனத்துறையினர் குட்டைகளைச் சோதித்து, இருந்தால் பிடித்து அகற்றிய பிறகுதான் குளிக்கத் திறக்கிறார்கள். திறந்த இடத்தில் மட்டும் குளிக்கலாம். மற்ற எந்த நீர்க்கரையிலும் ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கை கழுவக்கூடக் குனியாதீர்கள். உங்களுக்குக் குட்டைக் குளியலே வேண்டாம் என்பேன், முதலைக்காக அல்ல, குதிகாலுக்காக.

கடலிலும் இறங்க வேண்டாம். அக்டோபர் முதல் மே வரை அங்கே பெட்டி ஜெல்லி மீன் காலம். நம் கடற்கரைக்காரர்கள் சொறி என்று சொல்கிறார்களே, அந்த இனம்தான், ஆனால் இது சில நிமிடத்தில் இதயத்தை நிறுத்தக்கூடியது. பட்டுவிட்டால் வினிகரைக் குறைந்தது 30 விநாடி ஊற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டும். அவசர எண் 000.

மாத்திரைகள்: எவ்வளவு, எப்படி

ஆறு மாத மாத்திரை எடுத்துப் போக முடியாது. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுதான் அனுமதி. அதையும் அட்டையைப் பிரிக்காமல், உங்கள் பெயர் போட்ட மருந்துச் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் மருத்துவரிடம் நோய், மருந்தின் வேதிப்பெயர், அளவு எல்லாம் எழுதி ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய் இரண்டு மாதம் ஆனதும் ஒரு ஜி.பி.யை (பொது மருத்துவரை) பார்த்து மீதிக்கு எழுதி வாங்குங்கள்.

இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்துபோகலாம். திறந்த ஊசி 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் நான்கு வாரம் தாங்கும். நிறுத்தி வைத்த காருக்குள் அரை மணி நேரம்கூட விடாதீர்கள். நேர வித்தியாசம் நான்கு மணி: இங்கே இரவு 9 என்றால் அங்கே நள்ளிரவு 1. ஊசி போடும் நேரத்தை எப்படி நகர்த்துவது என்பதைக் கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான ஒன்று. வெக்கையில் உடம்பு நீர் வற்றும்போது உங்கள் மாத்திரைகளில் இரண்டு அதை மோசமாக்கும். டாபாகிளிஃப்ளோசின் சிறுநீர் வழியே சர்க்கரையோடு தண்ணீரையும் வெளியேற்றுகிறது. இரத்த அழுத்த மாத்திரையில் உள்ள நீர் மருந்தும் அதையே செய்கிறது. வாந்தியோ பேதியோ வந்து சாப்பிட முடியாத நாளில் டாபாகிளிஃப்ளோசினைத் தொடர்ந்தால், சர்க்கரை ரொம்ப ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். இன்சுலின் ஊசியை நீங்களாக நிறுத்தக் கூடாது. எந்த மாத்திரையை எந்த நாளில் நிறுத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், அந்தத் தாளை மகளிடம் கொடுங்கள். நர்ஸ் அல்லவா, அவருக்குப் புரியும்.

மலேரியா மாத்திரை தேவையில்லை. ஆஸ்திரேலியா 1981இலேயே மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. மலேரியா இல்லாவிட்டாலும் கொசுவால் பரவும் வேறு வைரஸ்கள் உண்டு, மூளைக் காய்ச்சல் உட்பட. மாலையில் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டிக் களிம்பு. அது போதும்.

மகளின் அட்டை உங்களுக்குச் செல்லாது

மகளிடம் இருப்பது மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டத்தின் அட்டை. அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கும் உரியது. சில நாடுகளோடு அவர்கள் போட்டிருக்கும் ஒப்பந்தத்தில் இந்தியா இல்லை. விருந்தாளியாகப் போகும் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் முழுச் செலவும் உங்களுடையது அல்லது மகளுடையது. காக்கடுவுக்குள் ஜபிரு என்ற சிற்றூரில் ஒரு கிளினிக் இருக்கிறது. அதற்கு மேல் என்றால் 250 கிலோமீட்டர் தள்ளி டார்வின்தான். அவசரம் என்றால் விமானத்தில்தான் கொண்டுவருவார்கள். ராயல் டார்வின் மருத்துவமனை நல்ல இடம். 2002 பாலி குண்டுவெடிப்பில் காயம்பட்டவர்களை அங்கேதான் முதலில் கொண்டுவந்தார்கள். சிகிச்சையைப் பற்றிக் கவலை வேண்டாம், கவலையெல்லாம் பில்லைப் பற்றித்தான்.

இங்கே வாங்கும் பயண இன்சூரன்ஸ் பலவற்றில், ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிர் போகும் ஆபத்து இருந்தால் மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படியுங்கள். அங்கேயே வருகையாளர்களுக்கென்று விற்கும் பாலிசிகளையும் மகளை விட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸும் விமான மீட்பும் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சர்க்கரையை மறைத்து பிரீமியத்தைக் குறைக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கிளெய்ம் நிற்காது.

அந்த விதைப் பை? வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விதையோடு பூச்சியும் பயிர் நோயும் சேர்ந்து போகும் என்று வேளாண்மைத் துறையில் இருந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊறுகாய், பொடி, கருவேப்பிலை எதுவானாலும் வருகைப் படிவத்தில் "உண்டு" என்று எழுதிக் காட்டிவிட வேண்டும். காட்டினால் பறிப்பதோடு முடியும், மறைத்தால் அபராதம். காய்கறிக்குப் பஞ்சமில்லை, ராப்பிட் க்ரீக் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆசியக் காய்கள் குவிந்து கிடக்கும். மாம்பழம் அங்கே அக்டோபர், நவம்பரில் காய்த்துத் தள்ளும். 

காக்கடு போகும் வழியில் ஓரிடத்தில் காரை நிறுத்தச் சொல்லுங்கள். டார்வினிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் ஃபாக் டேம் வரும். 1950களில் அங்கே நெல் பயிரிட்டு ஆசியாவுக்கே அரிசி அனுப்பப் போகிறோம் என்று கிளம்பியவர்கள் கட்டிய அணை அது. காட்டு வாத்தும் எருமையும் மண்ணும் தண்ணீர் நிர்வாகமும் சேர்ந்து சில வருடத்தில் திட்டத்தைக் கவிழ்த்துவிட்டன. இப்போது அது பறவைகளின் இடம். ஏன் விளையவில்லை என்று மாப்பிள்ளைக்கு ஒரு மணி நேரம் சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கும். சொல்லுங்கள், ஆனால் காருக்குள் இருந்தபடியே. அங்கேயும் முதலை உண்டு.

உபிர் குன்றில் ஷூவோடு ஏறலாமா, புனித இடமாயிற்றே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மரியாதை புரிகிறது. அது பினிஞ் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். ஓவியத்தைத் தொடக் கூடாது, சில இடங்களைப் படம் எடுக்கக் கூடாது. ஷூவைக் கழற்ற யாரும் சொல்வதில்லை. மீனின் முள்ளும் குடலும் தெரியும்படி வரைந்திருப்பார்கள், எக்ஸ்ரே பார்ப்பது போலவே இருக்கும். நின்று பாருங்கள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

அங்கே இருக்கும்போதோ, ஊர் திரும்பிச் சில வாரங்களிலோ, ஏன், சில மாதம் கழித்தும்கூட, காய்ச்சலோ இருமலோ ஆறாத புண்ணோ வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் போய், "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, டார்வினுக்குப் போயிருந்தேன், மெலியோய்டோசிஸுக்கு இரத்தக் கல்ச்சர் எடுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். அந்தப் பெயர் வாயில் நுழையாவிட்டால் இந்தப் பக்கத்தை வெட்டி பர்ஸில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.